வீடு திருத்தலும் விலாநோகச் சிரித்தலும்

‘வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்’ என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். கட்டிய வீட்டைத் திருத்திப்பார் என்று மட்டும் அவர்கள் ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டனர். வீடு கட்டும்போது மேசனும் தச்சரும் உடனிருப்பர். பிழை நேர்ந்தாற் பழியை அவர்கள்மேற் போட்டுவிடலாம். திருத்தும்போதோ பெரும்பாலும் வீட்டுக்காரரே மேசன், அவரே தச்சர், தீந்தை பூசுபவரும் அவரே. ஆகவே பழியும் அவருக்கே உரியதாகிறது. அதனைக் கண்டிருப்போர் மனைவி மக்களாதலின், அப்பழி எளிதில் மறக்கப்படுவதும் இல்லை.

விடுமுறை நாளொன்றிலே, காலை உணவு முடிந்த கையோடு, ‘இந்தச் சிறு வேலைக்கு ஆள் எதற்கு?’ என்று குடும்பத் தலைவர் எழுந்தால், வீட்டார் முகத்தில் ஓர் அச்சம் படர்வதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். இக்காலத்திலே கைத்தொலைபேசியில் ஐந்து நிமிடப் படமொன்றைப் பார்த்துவிட்டுத் துணிந்து இறங்குவோர் தொகையும் பெருகியிருக்கிறது. படத்திலே ஆணி வளைவதில்லை, பலகை பிளப்பதில்லை, திருகாணி உருண்டு அலுமாரிக்குக் கீழே போய் ஒளிவதுமில்லை. நம் வீட்டில் இவையாவும் நிகழ்கின்றன.

இது நமக்கு மட்டும் உரிய குறையன்று. ஆங்கில எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம் 1889ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘படகில் மூவர்’ என்னும் நகைச்சுவை நூலிலே பொட்ஜர் மாமா என்றொருவர் வருகிறார். சுவரில் ஒரு படத்தை மாட்டுவதற்கு அவர் வீட்டார் அனைவரையும் ஏவலாளராக்குகிறார். ஒருத்தி ஆணி வாங்க ஓடுகிறாள். எந்த அளவு ஆணி என்று சொல்ல அவள் பின்னே மற்றொருவன் ஓடுகிறான். இடையிலே கண்ணாடி உடைகிறது, கையில் வெட்டு விழுகிறது, கைக்குட்டை கிடைக்கவில்லை, ஆணி தொலைகிறது, ஆணி கிடைத்ததும் சுத்தியல் தொலைகிறது. நள்ளிரவளவில் படம் கோணலாக மாட்டப்படுகிறது. சுற்றியுள்ள சுவர் சிதைந்து கிடக்க, வீட்டார் களைத்துச் சோர்ந்து நிற்க, பொட்ஜர் மாமா ஒருவரே பெருமிதத்தோடு காணப்படுகிறார். இந்த மாமா இல்லாத ஊர் உலகில் எங்கும் இல்லை.

இத்தகைய பிழைகளைக் கேட்டு நகைப்பதோடு நின்றுவிடாமல், அவை ஏன் நிகழ்கின்றன என்று ஆராய்ந்தால் நமக்குப் பயனுண்டு. ஆராய்வதற்கு வசதியாக அவற்றை நான்காக வகுத்துக்கொள்ளலாம். அளவு தவறுதல், மட்டம் தவறுதல், பொருளின் இயல்பறியாது செய்தல், செய்யும் ஒழுங்கு தவறுதல் என்பனவே அவை.

முதலாவது அளவு. அறைக்குள்ளே இருந்து மேசை செய்து முடித்து, பின் அதை வெளியே கொண்டுவர வழியின்றி விழிப்பவரின் கதை ஊருக்கு ஒன்றேனும் உண்டு. மேசையை அளந்தவர் வாசலை அளக்கவில்லை. இலக்கியத்திலும் இதற்கு முன்னோடிகள் உளர். டானியல் டீபோ 1719இல் எழுதிய கதையிலே, தீவில் தனித்திருந்த ரொபின்சன் குறூசோ பெருமரமொன்றைக் குடைந்து தோணி செய்தான். அதைக் கடலுக்கு நகர்த்தும் வழியைப்பற்றி முன்னரே எண்ணினானல்லன். தோணி செய்த இடத்திலேயே கிடந்தது. ஒலிவர் கோல்ட்ஸ்மித் 1766இல் வெளியிட்ட ‘வேக்பீல்டுப் பாதிரியார்’ என்னும் நாவலிலே, குடும்பத்தார் தம்மையெல்லாம் ஒரே படமாக எழுதுவிக்கின்றனர். சமையலறையில் எழுதப்பட்ட அப்படம் அவ்வீட்டின் எந்த வாசலாலும் நுழையாத அளவுக்குப் பெரிதாகிவிடுகிறது. அயலார் அதனைக் குறூசோவின் தோணிக்கு ஒப்பிட்டு நகைக்கின்றனர்.

அளவில் நேரும் சிறு பிழைகள் இன்னும் நுட்பமானவை. உருக்கு அளவுநாடாவின் நுனியிலே ஒரு சிறு கொக்கி உண்டு. அது சற்றே ஆடும். அதைக் கண்ட நம்மவர், ‘புதிதாக வாங்கியதே தளர்ந்திருக்கிறது’ என்று கடைக்காரரை வைதுகொண்டு, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி இறுக்கிவிடுவர். அன்றிலிருந்து அவர் அளப்பதெல்லாம் பிழை. ஏனெனில் அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. கொக்கியின் தடிப்பு எவ்வளவோ அவ்வளவுதான் அது ஆடும். பலகையின் விளிம்பிற் கொளுவி இழுக்கும்போது கொக்கி வெளியே நகரும். சுவரோடு முட்டி அளக்கும்போது உள்ளே நகரும். இரண்டிலும் அளவு சரியாக வருவதற்கான சூழ்ச்சி அது.

வாளின் பல்லும் பலகையைத் தின்னும் என்பதையும் பலர் மறந்துவிடுகின்றனர். நான்கடிப் பலகையை ஓரடித் துண்டுகள் நான்காக அறுக்கலாம் என்பது கணக்குப் புத்தகத்தில் மட்டும் உண்மை. ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு மூன்று மில்லிமீற்றர் தூளாகிக் கீழே விழுகிறது. ஆகவே நான்காந் துண்டு குறுகிவிடும். அளவு பிழைத்துவிட்டதென்று அதை மறுபடியும் அறுப்பவர்களும் உளர். அறுக்க அறுக்கப் பலகை நீளுவதில்லை என்ற உண்மையை அவர்கள் சற்றுப் பிந்தியே உணர்கின்றனர்.

நமது நாட்டில் மற்றோர் இடரும் உண்டு. தச்சர் அங்குலத்திற் பேசுகிறார். கடைக்காரர் மில்லிமீற்றரில் விற்கிறார். நாடாவிலோ இரண்டும் பக்கம் பக்கமாக அச்சிடப்பட்டிருக்கின்றன. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். கணவர் ஒரு பக்கத்தை வாசிக்க, மனைவி மறு பக்கத்தைக் குறித்துக்கொண்டால், யன்னலுக்குத் தைத்த திரை கைக்குட்டை அளவில் வந்து சேரும். இதற்காக அவர்கள் மிகவும் நாணவேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் நாசா நிறுவனம் செவ்வாய்க் கோளுக்கு அனுப்பிய ஒரு விண்கலம், ஒரு பகுதியார் பிரித்தானிய அலகிலும் மற்றொரு பகுதியார் மீற்றர் முறை அலகிலும் கணக்கிட்டதால் அழிந்துபோயிற்று. திரைச்சேலை அதனோடு ஒப்பிட மலிவானதே.

எண் சரியாக இருந்தும் அளவு பிழைப்பதுண்டு. அடுக்களையிலே தட்டு அடிப்பவர் பெரும்பாலும் ஆண். அதிலிருந்து பொருள் எடுப்பவர் பெரும்பாலும் பெண். தமது கைக்கு எட்டும் உயரத்தில் அழகாகத் தட்டை அடித்துவிட்டு அவர் கடைத்தெருவுக்குப் போய்விடுகிறார். மிளகாய்த்தூள் எடுப்பதற்கு அவர் மனைவி நாள்தோறும் மூன்றுமுறை முக்காலியில் ஏறுகிறார். பொருளை அளப்பதோடு அதைப் பயன்படுத்தப்போகும் ஆளையும் அளக்கவேண்டும். அளப்பதைக்காட்டிலும் அவரிடம் கேட்பது எளிது.

இரண்டாவது மட்டம். குளியலறை நிலத்தைத் தாமே மெழுகிச் சீமெந்து பூசிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். நிலம் கண்ணாடிபோல் இருக்கிறது. முதல் வாளித் தண்ணீரை ஊற்றுகிறார். தண்ணீர் சுவரோரத்திலுள்ள துவாரத்தைத் திரும்பியும் பாராது, கதவுக்குக் கீழாக நுழைந்து, விறாந்தையில் அமர்ந்திருக்கும் விருந்தினரின் பாதத்தை நனைக்கிறது. குளியலறை நிலம் மட்டமாயிருத்தல் கூடாது. துவாரத்தை நோக்கி அடிக்குக் கால் அங்குலமளவு சரிந்திருத்தல் வேண்டும். இச்சரிவு கண்ணுக்குப் புலப்படாது, தண்ணீருக்குப் புலப்படும்.

கண்ணை நம்புவதனாலேயே இவ்வகைப் பிழைகள் நிகழ்கின்றன. நம் கண் நிலமட்டத்தை நேரே அறிவதில்லை; பக்கத்திலுள்ள கோடுகளோடு ஒப்பிட்டே அறிகிறது. பழைய வீடுகளில் வளையும் சற்றுத் தாழ்ந்திருக்கும். கதவுநிலையும் சற்றுச் சாய்ந்திருக்கும். அங்கே கணவர் இரசமட்டம் வைத்துப் படத்தைச் சரியாக மாட்டுகிறார். மனைவி வந்து பார்த்து, ‘வலப்பக்கம் ஏறியிருக்கிறது’ என்கிறார். இருவரும் வாதிடுகின்றனர். உண்மையில் இருவர் கூற்றும் சரியே. படம் பூமிக்கு மட்டம், வளைக்குக் கோணல். இத்தகைய வழக்கில் மனைவியின் தீர்ப்பை ஏற்பதே நன்று. படத்தைப் பார்க்கப்போவது கண்தான், இரசமட்டம் அன்று.

நெடுந்தூரத்துக்கு மட்டம் பார்ப்பதற்கு மேசன்மார் நீர் நிறைத்த தெளிந்த குழாயைப் பயன்படுத்துவர். தொடர்புற்ற பாத்திரங்களில் நீர் ஒரே உயரத்தில் நிற்கும் என்று பள்ளியிலே படித்ததுதான் இது. ஆனாற் குழாய்க்குள்ளே ஒரு காற்றுக் குமிழி தங்கிவிட்டால், இரு முனைகளும் வேறுவேறு உயரத்தைக் காட்டும். வேலி ஒரு பக்கம் உயர்ந்துகொண்டே போகும்.

மட்டத்தோடு சேர்த்து உயரத்தையுஞ் சொல்லவேண்டும். தண்ணீர்த் தாங்கியைக் குளியலறைக் கூரையின்மேல் வைத்துவிட்டு, அருவிபோலக் கொட்டும் பூமழைக் குழாயை எதிர்பார்ப்பவர் உண்டு. பத்து மீற்றர் உயர நீர்நிரலே ஏறக்குறைய ஒரு வளிமண்டல அமுக்கத்தைத் தரும். தலைக்குமேல் ஒரு மீற்றரில் தாங்கி இருந்தால் அதிற் பத்திலொன்றே கிடைக்கும். அவர் குழாயின் கீழ் நின்று துளிகளை எண்ணவேண்டியதுதான்.

மட்டம் பிழைத்ததனாலேயே புகழ்பெற்ற கட்டடமும் உண்டென்று அவர் ஆறுதலடையலாம். இத்தாலியிலுள்ள பைசா நகரத்துக் கோபுரம் 1173ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. நிலம் இளகியதாகையால் அது கட்டும்போதே சாய்ந்தது. பின்வந்த கட்டடக்காரர் மேல்மாடிகளைச் சாய்ந்த பக்கத்தில் உயர்த்திக் கட்டிச் சரிக்கட்ட முயன்றனர். அதன் பயனாகக் கோபுரம் சாய்ந்ததோடு சற்று வளைந்தும் நிற்கிறது. ஒரு பிழையை மறைக்க இன்னொன்றைச் செய்தால் விளைவது இதுவே.

மூன்றாவது, பொருளின் இயல்பறியாமை. இதற்குச் சுண்ணாம்பு நல்ல எடுத்துக்காட்டு. வெள்ளையடிக்கும்போது ஈரச் சுண்ணாம்பு கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றாது. சுவரின் பழைய கறை அப்படியே தெரியும். அனுபவமில்லாதவர் ‘இன்னுந் தடிப்பாகப் பூசவேண்டும்’ என்று மேலுமேலும் பூசுவார். காய்ந்ததும் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்றுச் சுண்ணக்கல்லாக மாறி வெண்மையாகும். மெல்லிய பூச்சானால் சுவரோடு ஒன்றிவிடும். தடித்ததோ அப்பளம்போலப் பொருமிப் பெயர்ந்து, சுவரிற் சாய்ந்து பேசுவோர் முதுகிலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். நீர்த்த கலவையை இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்தபின், பூசுவதே முறை.

தைப்பொங்கலுக்கு வீட்டைப் புதுக்குவது நம் வழக்கம். ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசி தொடங்கி மார்கழிவரை பெய்வது வடகீழ்ப் பருவமழை. சுவர் மழைநீரைக் குடித்து நிறைந்திருக்கும் வேளையிலே, நாம் அவசர அவசரமாக அதன்மேல் நெய்த்தீந்தையைப் பூசிவிடுகிறோம். வெயில் ஏறியதும் உள்ளேயிருக்கும் ஈரம் வெளியேற வழிதேடித் தீந்தையைத் தள்ளுகிறது. மாசி மாதத்திலே சுவர் முழுவதும் அம்மை போட்டதுபோலக் கொப்புளம். தீந்தைக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்பது வீட்டுக்காரரின் முடிவு.

அதே மழைக்காலத்திற் கதவும் இறுகும். மரம் ஈரத்தை உறிஞ்சி நாரின் குறுக்கே பெருக்கும். நெடுக்கே பெருப்பது மிகச் சொற்பம். ஆகவேதான் கதவு உயரத்தில் மாறாமல் அகலத்தில் முட்டுகிறது. மார்கழியிலே சீவுளியை எடுத்து நன்றாகச் சீவி, ஒரு விரலாலே தள்ளத் திறக்கும்படி செய்தவர், ஆனி ஆடியிலே அந்தக் கதவின் இடுக்கால் பல்லி போய்வருவதைக் காண்கிறார். மழைக்காலத்தில் முட்டும் கதவைச் சிறிதளவே சீவி, மிகுதியை வெயிலிடம் ஒப்படைப்பதுதான் அறிவு.

சீமெந்தைப்பற்றிய தவறான எண்ணம் இவற்றினும் பெரிது. சீமெந்து ‘காய்ந்து’ இறுகுகிறது என்று பலர் நினைக்கின்றனர். அது நீரோடு சேர்ந்து இரசாயன மாற்றம் அடைந்தே இறுகுகிறது. வெயிலில் விரைவாகக் காயவிட்டால் வலுவிழந்து வெடிக்கும். அதனாலேதான் குறைந்தது ஏழு நாளேனும் அதை ஈரமாக வைத்திருக்கவேண்டும் என்கின்றனர். அதன் வலிமையை இருபத்தெட்டாம் நாளில் அளப்பதும் அதனாலேதான். கலவையிலே தண்ணீர் கூடினால் குழைப்பது இலகு. ஆனால் மிகையான நீர் பின்னர் ஆவியாகி நுண்துளைகளை விட்டுச்செல்லும். மதிய உணவுக்குப் போய் வந்தவர், இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடியும் தண்ணீர் விட்டுக் குழைப்பதும் வீணே. கடற்கரைக்கு அண்மையில் இருப்போர் இலவசமாகக் கிடைக்கிறதென்று கடல்மணலைக் கழுவாமற் சேர்த்தால், அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துச் சுவரை என்றும் நனைந்ததாகவே வைத்திருக்கும்; உள்ளிருக்கும் கம்பியையும் துருப்பிடிக்கச் செய்யும். புதிய நிலத்திலே நிரந்தரமாகப் பதிந்துவிட்ட கோழிக்காலைப்பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. அது நம் கிராமங்களிற் பல வீடுகளின் அடையாளச் சின்னம்.

நான்காவது ஒழுங்கு. ஒழுகும் தண்ணீர்க்குழாயைக் கழற்றி மாற்றுவது எளிய வேலைதான். ஆனால் முதலிற் செய்யவேண்டியது தாங்கியிலிருந்து வரும் அடைப்பைப் பூட்டுவது. அதை மறந்து குழாயைக் கழற்றியவர், பீறிட்டு வரும் நீரைப் பெருவிரலாற் பொத்திக்கொண்டு, அசையவும் மாட்டாமல், ‘யாராவது வாருங்கள்’ என்று கூவுகிறார். வந்தவர்களுக்கு அடைப்பு எங்கே இருக்கிறதென்று தெரியாது. தாங்கி வெறுமையாகும்வரை அவர் அங்கேயே நிற்கவேண்டியிருக்கும்.

நிலத்துக்குச் சிவப்புச் சாயம் பூசுபவர் வாசலிலே தொடங்கி உள்நோக்கிப் போகிறார். வேலை முடிந்தபோது அவர் எதிர்மூலையில் சிறைப்பட்டிருக்கிறார். யன்னலிலோ கம்பி. மாலைவரை அவருக்கு அங்கேதான் தேநீர். நாற்காலிகளுக்கு வார்ணிஸ் பூசுபவர், முதற் பூச்சு உலருமுன் இரண்டாவதைப் பூசி, கலியாணப் பேச்சுக்காகச் சம்பந்தி வீட்டார் வரும் நாளுக்கு முதல்நாள் முடித்துவிடுகிறார். மழைக்கால ஈரக்காற்றிலே அது உலரவில்லை. பேச்சு நன்றாக முடிந்து சம்பந்தியார் எழுந்தபோது, நாற்காலியும் அவரோடு எழுந்தது. மரக்கொம்பின் நுனியில் அமர்ந்து அடியை வெட்டினான் காளிதாசன் என்ற செவிவழிக் கதை நமக்குத் தெரிந்ததே. அதுவும் அறிவின்மை என்பதைவிட ஒழுங்குப் பிழையே.

இதுவரை சொன்னவை சிரித்து மறக்கக்கூடியவை. சில பிழைகளுக்கு மறுநாட் சிரிப்பு இல்லை.

நம் வீடுகளில் ஓடும் மின்னின் அழுத்தம் 230 வோல்ற்று. சுவரைத் துளைக்கும் மின்துறப்பணம் பூச்சுக்குள் மறைந்திருக்கும் வடத்தையும் துளைக்கும். ஆளிக்கு நேர்மேலேயும் நேர்கீழேயும் வடம் இருக்கக்கூடும் என்று எண்ணி அவ்விடத்தை விலக்கவேண்டும். பிரதான ஆளியை நிறுத்தாமல் மின்வேலை எதிலும் கைவைத்தலாகாது. வடம் இணைக்கும் வேலையைத் தேர்ந்த மின்வினைஞரிடமே விடவேண்டும். ஏணியை நான்கடி உயரத்துக்கு ஓரடி வீதம் சுவரிலிருந்து தள்ளி ஊன்றவேண்டும். நீறாத சுண்ணாம்புக்கு நீர் விடும்போது அது கொதித்துத் தெறிக்கும்; ஒரு துளி கண்ணிற் பட்டாலும் பார்வைக்கே கேடு. பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டே அதைச் செய்யவேண்டும்.

எல்லாவற்றிலும் அறியப்படாத தீங்கு ‘சீற்’ என்று நாம் வழங்கும் அஸ்பெஸ்ரஸ் தகட்டில் இருக்கிறது. எம் நாட்டிலே அத்தகைய கூரைகள் மிகப் பல. முதலாவது, அது மனிதர் பாரத்தைத் தாங்காது. ஒழுக்கை அடைக்க அதன்மேல் நடந்து, உடைத்துக்கொண்டு கீழே விழுந்தோர் உளர். இரண்டாவது, அதை அறுத்தாலும் துளைத்தாலும் உரஞ்சினாலும் எழும் நுண்ணிய நார்த்தூசி நுரையீரலிற் படிந்து, பல்லாண்டு கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம். எல்லாவகை அஸ்பெஸ்ரசும் புற்றுநோய் விளைப்பது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. அந்த நாளிலே தூசியைக் கூட்டிப் பெருக்குபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவர் பிள்ளைகள். தகட்டை உடைக்காமல், அறுக்காமல், இயலுமானால் நனைத்தே கையாளவேண்டும்.

இங்கேதான் நாணத்தைப்பற்றி ஒரு சொல். பிழை செய்தவர் நகைப்புக்கு அஞ்சி அதை மறைக்கிறார். துளைபட்ட வடத்தின்மேற் சாந்து பூசிவிடுகிறார். பிளந்த வளையைத் தீந்தையால் மூடிவிடுகிறார். கசியும் குழாயைச் சுவருக்குள் புதைத்துவிடுகிறார். அன்றைய மானம் காப்பாற்றப்படுகிறது. ஆனாற் பத்தாண்டு கழித்து அதே சுவரில் ஆணி அறைபவன் அவர் மகன். ஆகவே வீட்டிலே ஒருவர் பிழை செய்தால் மற்றவர்கள் அளவோடு சிரிக்கவேண்டும். சிரிப்பு எல்லை மீறினால் அடுத்த பிழை வெளியே வராது.

நேயர்களே, இதற்காக எவரும் தம் கையால் எதுவுஞ் செய்யாதிருத்தல் வேண்டும் என்பது என் கருத்தன்று. போரினாலும் இடப்பெயர்வினாலும் வீடிழந்து, 2009ஆம் ஆண்டின்பின் மீண்டு வந்து, அரைச்சுவரும் கூரையற்ற அறையுமாக நின்ற வீடுகளைத் தம் கையாலேயே திருத்திக்கொண்ட குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ. அவர்கள் சுவரிலே கோணல் இருக்கலாம். அந்தக் கோணலைக் கண்டு நகைக்க எவருக்கும் உரிமையில்லை. அவர்களுட் பலர் அயலிலுள்ள முதிய மேசனிடமும் தச்சரிடமும் கேட்டுக் கேட்டே செய்தனர். அம்முதியோர் சொல்லித் தந்தவை எந்த நூலிலும் எழுதப்பட்டவையல்ல.

இனி நீங்கள் ஒரு திருத்த வேலையைத் தொடங்குமுன் நாலு காரியம் செய்யுங்கள். அளந்ததை எழுதிவைத்து, மற்றொருவரைக்கொண்டு ஒருமுறை அளப்பியுங்கள். தண்ணீர் அடைப்பும் மின்சாரப் பிரதான ஆளியும் எங்கே உள்ளன என்பதை வீட்டிலுள்ள எல்லாருக்கும், பிள்ளைகள் உட்படக் காட்டிவையுங்கள். செய்யவேண்டியவற்றை வரிசையாகக் கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். நான்காவதாக, ஒரு கொப்பி வாங்கி, சுவருக்குள்ளே குழாயும் வடமும் எவ்வழியே ஓடுகின்றன என்று படம் கீறி, நேர்ந்த பிழைகளையும் திகதியிட்டு அதில் எழுதி, காணி உறுதியோடு சேர்த்து வைத்துவிடுங்கள். உங்களுக்குப்பின் அவ்வீட்டில் வாழ்வோர் அதை எடுத்துப் படித்துச் சற்றுச் சிரிக்கக்கூடும். ஆனால் எந்தச் சுவரில் ஆணி அறையலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.